நரம்பு வைத்தியப் புரட்டு
(வெள்ளகோவில் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



சாமியையும் சாதியையும் பற்றிப் பேசுவேன் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று உங்கள் கால்களைப் பற்றிப் பேசப் போகிறேன். விசைத்தறி முன்னால் இரவெல்லாம் நின்று பிழைக்கிறவனுக்குக் காலைவிடப் பெரிய சொத்து என்ன இருக்கிறது? அந்தக் காலில் எரிச்சலும் மதமதப்பும் வந்தவுடன் அவன் யாரைத் தேடிப் போகிறான்? 48 நாளில் நரம்பு முறுக்கேறும் என்று லேகியம் விற்கிறவனையும், காந்தச் செருப்பு விற்கிறவனையும், மந்திரித்த கயிறு கட்டுகிறவனையும் தேடிப் போகிறான்.

இந்த வியாதி எப்படி வருகிறது? பெரும்பாலும் சர்க்கரை வியாதியால் வருகிறது. 2023-இல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர் சுமார் 10 கோடிப் பேர். இரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காய் மிகுந்திருந்தால் நரம்பும், அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்பு முதலில் கெடும். ஆகவே பாதம் முதலில் மரக்கிறது. குடியாலும், பி12 சத்துக் குறைவாலும், குஷ்டத்தாலும், சில மருந்துகளாலும்கூட இது வருவதுண்டு. காரணம் இத்தனை இருக்க, எல்லோருக்கும் ஒரே லேகியம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கிறேன்.

“எனக்கு எரிச்சல் நின்றதே!” என்பார்கள். எரிச்சல் கூடுவதும் குறைவதும் இந்த வியாதியின் சுபாவம். மிகவும் தாங்காத நாளில் மருந்து வாங்குகிறோம். தானே தணிந்தாலும் பெருமை மருந்துக்குப் போகிறது. இதிலும் கொடுமை ஒன்றுண்டு. நரம்பு அடியோடு செத்தாலும் எரிச்சல் நின்றுவிடும்! பிறகு ஆணி குத்தினாலும் தெரியாது. நடுப்பகலில் கோயில் கல்லில் வெறுங்காலோடு சுற்றிக் கொப்புளித்தாலும் தெரியாது. புண் அழுகி, காலை எடுக்கும்போதுதான் தெரியும்.

மருந்தே விஷமாவதும் உண்டு. 2008-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ, பாதரசமோ, பாஷாணமோ இருந்தது. ஈயமும் பாஷாணமும் நரம்பைக் கெடுப்பவை. நரம்பைக் காக்க வாங்கியதே நரம்பைத் தின்றால் அதற்கு வைத்தியம் என்று பேரா? சத்து மாத்திரைதானே என்று பி6-ஐ அளவுக்கு மீறி நெடுநாள் விழுங்கினாலும் இதே கதிதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. சர்க்கரை வியாதியைக் குணமாக்குவதாய் விளம்பரம் செய்யக்கூடாதென்று 1954-லேயே சட்டம் வந்தது. ஆனாலும் பதஞ்சலி கம்பெனி பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்பதற்கு, 2024-இல் சுப்ரீம் கோர்ட்டு அதட்ட வேண்டியிருந்தது. பெரிய கம்பெனிக்கே இத்தனை காலம் பிடித்தால், சந்தையில் குப்பி விற்கிறவனை எந்தப் போலீசார் பிடிக்கப் போகிறார்கள்?

“இங்கிலீஷ் வைத்தியம் மட்டும் குணமாக்குகிறதா?” என்று கேட்கலாம். செத்த நரம்பை உயிர்ப்பிக்கும் மருந்து அதனிடமும் இல்லை. வலியைத் தணிக்க மாத்திரைகள் உண்டு. ஆனால் நமக்கு வேண்டியது ருஜு. 1993-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இளவயதில் வரும் வகைச் சர்க்கரை வியாதி கொண்ட 1441 பேரை இரண்டு கூட்டமாக்கி வருஷக்கணக்கில் பார்த்தார்கள். சர்க்கரையைக் கண்டிப்பாய் அடக்கிய கூட்டத்தில் நரம்புக் கேடு 60 சதவீதம் குறைந்தது. பாட்டி வைத்தியமானாலும் சித்த வைத்தியமானாலும் இப்படிச் சோதித்துக் காட்டட்டும். முதலில் வாங்கிச் சாப்பிடுகிறவன் நானாயிருப்பேன். முன்னோர் சொன்னது என்பது மட்டும் ருஜுவாகாது.

தோழர்களே! 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி உண்டா என்று டாக்டர் பார்த்துவிடுவார். நூலால் பிழைக்கிற ஊருக்கு நூலே பரீட்சை! சர்க்கரையையும் பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் படுக்கும்முன் உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கியவருக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். வெறுங்காலோடு நடக்காதீர்கள். குப்பி விற்கிறவன் வந்தால், “எத்தனை பேருக்குக் கொடுத்தாய்? எத்தனை பேருக்குக் குணமாகவில்லை?” என்று கேளுங்கள். அந்தக் கணக்கைக் காட்டாதவனுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.