கூடித் தூக்கிய பாறை

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

சிற்பி என்றவுடன், ஏகாந்தமான ஒரு கூடத்தில் உளியும் சுத்தியலும் ஏந்தி, உலகத்தை மறந்து, தன் சிருஷ்டியோடு தனித்திருக்கும் ஒரு மனிதனையே நம் மனம் கற்பித்துக்கொள்கிறது. கவிஞனுக்கு அந்தச் சித்திரம் பொருந்தலாம்; சிற்பிக்குப் பொருந்தாது. ஆளுயரக் கருங்கல்லை ஒருவன் தனியே புரட்ட முடியாது. உருகிய வெண்கலத்தை ஒருவன் தனியே வார்க்க முடியாது. எங்கள் கலை சிநேகத்தின்மீது நிற்கும் கலை. இதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மாணவனாக இருந்த எழும்பூர் ஓவியப் பள்ளி, 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிவைத்த ஸ்தாபனம். அங்கே 1929 முதல் 1957 வரை தலைமை வகித்த தேவிபிரசாத் ராய் சௌதுரி ஓவியம், சிற்பம் இரண்டிலும் வல்லவர். மல்யுத்தமும் புல்லாங்குழலும் அறிந்தவர். அவருக்குப்பின் முதல்வராக வந்த கே. சி. எஸ். பணிக்கர் ஓவியர். எங்கள் சிற்ப ஆசான் எஸ். தனபாலோ ஓவியம் பயின்று சிற்பத்துக்கு வந்தவர், நாட்டியமும் கற்றவர். பெரியாரின் உருவத்தை வடித்த அந்தக் கைகளுக்கு உடலின் பாரம் எந்தக் காலில் இறங்கி எந்த இடுப்பில் தங்குகிறது என்பது ஏட்டில் படித்த பாடமன்று. அத்தகைய ஆசிரியர்களின் நிழலில் வளர்ந்த எங்களுக்கு ஓவியன் வேறு, சிற்பி வேறு என்ற பேதம் தோன்றவே இல்லை. மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை ஓவிய வகுப்பு வராந்தாவில் பிரித்து உண்டோம். சாயங்காலங்களில் சென்டிரல் நிலையத்துக்குச் சென்று, மூட்டை தூக்கும் தொழிலாளர்களை ஒரே பென்சிலை மாற்றி மாற்றி வாங்கி வரைந்தோம்.

பின்னாளில் சென்னைச் சிற்பிகள் தாமிரத் தகட்டில், முன்னின்று பார்ப்பதற்கான முன்முகச் சிற்பங்கள் செய்தபோது, அவற்றில் ஓடிய கோடு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். தகட்டைத் தட்டி உருவாக்கி, அதன்மேல் உலோகக் கம்பியைப் பற்றவைத்து பி. வி. ஜானகிராம் இழுத்த கோடுகளும், எஸ். நந்தகோபாலின் பித்தளை, தாமிர உருவங்களில் விரியும் கோடுகளும், அன்றைய சென்னை ஓவியர்கள் காகிதத்திலும் துணியிலும் தேடிக்கொண்டிருந்த கோட்டுக்கு உடன்பிறப்புகள். பக்கத்துத் தூரிகையிலிருந்து உலோகம் கற்றுக்கொண்ட அந்தப் பாடம், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்திருந்தால் கிட்டியிருக்காது.

1966-இல் பணிக்கரின் தலைமையில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியது உங்களுக்குத் தெரிந்த சரித்திரம். அதற்கு முதல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். அரசாங்கமோ தனவந்தரோ அதைக் கட்டித் தரவில்லை; கலைஞர்கள் கூடி உட்கார்ந்து, துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்த்து பாத்திக் வேலை செய்து விற்ற பணமே அதற்கு அஸ்திவாரம். கைத்தொழிலால் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, எஞ்சிய பொழுதில் விலைபோகுமா என்ற கவலையின்றித் தத்தம் கலையைச் செய்தார்கள். நான் அங்கே குடியேறவில்லை. ஆயினும் என் வாழ்க்கையின் மிக முக்கியமான இரவுக்கு அங்கிருந்து இரண்டு நண்பர்கள் வந்தார்கள்.

சுவாமிமலையில் வார்ப்புக் கற்றுத் திரும்பிய பிறகு, கூடை சுமந்த ஒரு பெண்ணின் உருவத்தை மெழுகில் செய்து முடித்திருந்தேன். மெழுகின் எடையைப்போல எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும் என்பது எங்கள் தொழிற்கணக்கு. ஒன்பது கிலோ மெழுகுக்கு எண்பது கிலோ உலோகமாவது உருக்க வேண்டியிருந்தது. பெருவிரல் ரேகையைக்கூடப் பதிவுசெய்யும் வண்டல் மண்ணை முதலில் பூசி, அதன்மேல் களிமண் அப்பி, கம்பி கட்டி, 'கரு' என்னும் அந்த அச்சைச் சுட்டு, மெழுகை வடித்துக் குழியில் புதைத்தாயிற்று. உலோகத்தை அறுபடாத ஒரே தாரையாக ஊற்ற வேண்டும். நடுவில் நின்றால், முன்னே விழுந்தது உறைந்து, பின்னே வருவது அதனோடு கலவாமல் உருவம் விரிசல் கண்டுவிடும். ஆகவே உலோகம் உருக்கும் மூசைகள் இரண்டு, மூசைக்கு இரண்டு பேர். சோழமண்டலத்திலிருந்து வந்த ஓவியர் இருவர், பாத்திக் செய்யும் வேறொரு நண்பர், நான். இவ்வளவுதான் எங்கள் சேனை. மூசைகள் செக்கச்செவேலென்று பழுத்து நின்ற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கருவின் வாயில் நீர் இறங்கினால், கொதிக்கும் உலோகம் பட்டதும் ஆவியாகி வெடிக்கும். என் மனைவியும் பக்கத்து வீட்டு அம்மாளும், யாரும் அழையாமலே ஓடிவந்து, குழிக்குமேல் தார்ப்பாயை நான்கு முனையிலும் இழுத்துப் பிடித்தார்கள். நாங்கள் கொறடு பிடித்து ஊற்றினோம். முதல் மூசை தீரும் தருணத்தில் இரண்டாவதன் தாரையை அதோடு சேர்த்த அந்த ஓவிய நண்பர், அன்றுவரை உலோகத்தைத் தொட்டறியாதவர். காற்றுத்துளையில் உலோகம் எட்டிப் பார்த்தபோது எங்களில் எவரும் பேசவில்லை. அந்தச் சிலைக்குப் பரிசு கிடைத்தது. சான்றிதழில் என் பெயர் மட்டுமே இருந்தது. அவர்கள் பெயர்களைச் சிலையின் பீடத்தின் அடியில் நானே பொறித்து வைத்தேன்.

மெரீனாவில் 1959-இல் நிறுவப்பட்ட ராய் சௌதுரியின் உழைப்பாளர் சிலையை, சிற்பம் பல கைகளின் வேலை என்ற இந்த எண்ணத்தோடு மறுபடி சென்று பாருங்கள். நான்கு மனிதர், ஒரு பாறை. எந்த முதுகை எடுத்துவிட்டாலும் பாறை நகராது. ஒருவர் முகத்திலும் தனிப் பிரதாபம் இல்லை. அதை வாகனத்தின் சாளரம் வழியே பாராமல், இறங்கிச் சுற்றிவந்து பாருங்கள்.

இனி நீங்கள் பிரிந்து செல்வீர்கள். ஒருவருக்குக் கண்காட்சி கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காது. கிடைத்தவரிடம் அசூயை கொள்ளாதிருப்பது கடினம். அந்த நேரத்தில் அவருடைய பட்டறைக்குப் போய் ஒரு மணி நேரம் அவர் வேலைக்குக் கை கொடுங்கள். வாடகை தாளாதவர்கள் மூவர் சேர்ந்து ஒரு கொட்டகை எடுங்கள். துளையிடும் கருவியும் பற்றவைக்கும் கருவியும் ஆளுக்கொன்று வாங்காமல் பொதுவில் வாங்குங்கள். விற்ற வேலையில் ஒரு பங்கைப் பொது நிதியில் போடுங்கள். நண்பனின் வேலை நன்றாக இல்லையென்றால் அவனிடமே சொல்லுங்கள், பிறரிடம் அல்ல.

என் பட்டறையில் தை பிறந்ததும் அடுத்த வார்ப்பு. மூசை தூக்கக் கைகள் வேண்டியிருக்கின்றன. விரும்புகிறவர்கள் உங்கள் துறைத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். ஓவிய மாணவர்களும் வரலாம். பருத்தி உடுத்தி, காலுக்குத் தோல் செருப்பல்ல, மூடிய பூட்ஸ் அணிந்து வாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்.