நோய் தணிவதை அறியும் வழி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளின் கையில் ஏட்டைக் கொடுத்து வந்துள்ளது. அவ்வேட்டறிவு இல்லத்துக்கும் பயன்பட வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டாக, நுரையீரல் நோய் தணிவதை எவ்வாறு அறிவது என்பதை இன்று சிந்திப்போம்.

நிமோனியா கண்டவருக்கு மருத்துவமனையில் மார்பை எக்ஸ்ரே படம் எடுக்கின்றனர், இரத்தத்தையும் சோதிக்கின்றனர். இவை எதற்கு என்று நம்மில் பலர் கேட்பதில்லை. கேட்க வேண்டும், கேட்பது நம் உரிமை.

1895-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் இராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கருமையாகவும், நோயால் நீர் கோத்த பகுதி வெண்மையாகவும் தெரியும். அவ்வெண்மையையே மருத்துவர்கள் நிழல் என்கின்றனர். 1930-இல் நியூயார்க் இராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் ஒரு பொருளைக் கண்டனர். அதுவே சி.ஆர்.பி. எனப்படும் புரதம். உடலில் அழற்சி தோன்றினால் கல்லீரல் இதனை மிகுதியாக உண்டாக்கும். நலமுடையோர்க்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருப்பது, கடும் நிமோனியாவில் 100-ஐக் கடப்பதுண்டு.

இரத்தமும் படமும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. அழற்சி அடங்கினால் இரத்தத்தில் எஞ்சிய புரதம் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆதலின், மருந்து வேலை செய்கிறதா என்பதை இரத்தம் சில நாள்களிலேயே காட்டும். நான்காம் நாளிலும் அளவு பாதியாகக் குறையாவிடில், மருத்துவர் மீண்டும் ஆராய்வார். நிழலோ மெல்லவே மறையும். இளையோர்க்குச் சில வாரங்களும், முதியோர்க்கும் புகைப்போர்க்கும் மூன்று மாதங்கள் வரையும் ஆகலாம். உடல் தேறிய பின் நிழலைக் கண்டு அஞ்ச வேண்டா. ஆயினும் ஆறு வாரம் கடந்தும் இருமல் நீடிப்பவரும், ஐம்பதைக் கடந்தவரும், புகைப்பவரும் மறுபடம் எடுத்தல் நன்று. நிழலின் பின்னே புற்றுநோய் மறைந்திருத்தலும் கூடும்.

காசநோயின் நிலை வேறு. இங்கே முதற்சான்று சளிச் சோதனை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், ஏழை நோயாளருள் ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றவரைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்து ஆராய்ந்தது. வீட்டில் இருந்தவரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர் என்பது 1959-இல் வெளியாயிற்று. நெருக்கடியான சிறு வீடும் வறுமையும் குணத்துக்குத் தடையாகவில்லை. முறையாக உண்ட மருந்தே வென்றது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. காய்ச்சல் நின்றது, எடை கூடியது என்று இரண்டாம் மாதத்தில் மருந்தை நிறுத்துவது நோயை மீண்டும் அழைப்பதாகும். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கும் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். அடுத்து, குணமான பின்னும் படத்தில் தழும்பு நிலைத்திருக்கலாம். அத்தழும்பைக் காட்டி ஒருவருக்கு வேலையையோ திருமணத்தையோ மறுப்பது அறியாமை. ஒதுக்கப்படுவதன் துயரை அறிந்த நாமே நோயுற்றவரை ஒதுக்கலாமா?

இளைஞர்களே! வீட்டிலுள்ள பழைய எக்ஸ்ரே படங்களை எறியாதீர்கள். தழும்பு பழையதா, நிழல் புதியதா என்பதை இரு படங்களை ஒப்பிட்டே மருத்துவர் தெளிவார். கல்லுடைத்துத் தூசியை உட்கொண்ட நம் தந்தையருக்கு இது மிகவும் இன்றியமையாதது. இரத்தச் சோதனைத் தாள்களை நாள்வாரியாக அடுக்கி, படிக்கத் தெரியாத பெற்றோருடன் நீங்களே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கழகம் தந்த எழுத்தறிவுக்கு அதுவும் ஒரு பணி.