வரி நம்முடையது, கணக்கும் நம்முடையதே

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழாய்க்கும் சாக்கடைக்கும் மனு எழுதி எழுதி நம் கை ஓய்ந்துவிட்டது. நகராட்சி என்பது மனு வாங்கும் இடம் மட்டுமல்ல. நம் பணத்தைச் செலவிடும் இடம். அந்தச் செலவை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சண்டையே இருக்கிறது. இது பழைய சண்டை.

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் மாதா கோயில் பங்குச் சபைதான் ஊர்க் காரியங்களைப் பார்த்தது. ஏழைகளுக்கென்று வரி வசூலித்ததும் அதுவே. 1818-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொத்துக்கு ஏற்ப ஒரே ஆளுக்கு 6 வாக்குகள் வரை கொடுத்தார்கள். 1834-இல் வந்த ஏழையர் சட்டம், உதவி கேட்டவனை வேலை விடுதிக்குள் போகச் சொன்னது. கணக்குப் புத்தகம் பணக்காரர் கையில். கஞ்சியின் அளவும் அவர் கையில்! கிராமங்களில் தேர்ந்தெடுத்த பங்கு மன்றம் 1894-இல்தான் வந்தது.

இங்கே என்ன நடந்தது? 1871-ஆம் ஆண்டுச் சட்டம், சென்னை மாகாணத்தில் சாலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று நிலத்தின் மீது ரூபாய்க்கு ஓரணா வரை வரி போட்டது. வரி குடியானவனுடையது, போர்டுக்குத் தலைவர் கலெக்டர். 1882-இல் ரிப்பன் பிரபு உள்ளூர் சுயாட்சித் தீர்மானம் கொண்டு வந்த பிறகே கதவு சற்றுத் திறந்தது.

மைசூரில் 1881 அக்டோபர் 7 அன்று 144 பேருடன் பிரஜா பிரதிநிதி சபை கூடியது. அதைத் தொடங்கிய திவான் ரங்காசார்லு செங்கற்பட்டுச் சீமையிலிருந்து வந்தவர். நம் ஊர் டவுன்ஹால் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் வந்து அமர்ந்தவர்கள் நிலக்காரர்களும் வியாபாரிகளும். குறை சொல்லலாம், வரவு செலவில் வாக்களிக்க முடியாது. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகத் தொடங்கிய பெங்களூர்–மைசூர் பாதைக்கு மண் சுமந்தவர்களுக்கு அந்தச் சபையில் நாற்காலி ஏது? 1891-இல் தேர்தல் வந்தபோதும் பெரும்பாலும் சொத்துள்ளவருக்கே வாக்கு.

"வீட்டு வரி கட்டுவது வீட்டுக்காரர், வாடகைக்கு இருக்கும் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் எந்தப் பணத்தில் கட்டுகிறார்? நாம் கொடுக்கும் வாடகையில்! இங்கிலாந்திலும் வீட்டுக்காரர் பெயரில் வரி போனதால் குடியிருந்த தொழிலாளி பெயர் வரிப் புத்தகத்தில் ஏறவில்லை. அதனால் வாக்கும் போயிற்று. 1869-இல் சட்டம் போட்டுத்தான் அதைச் சரிசெய்தார்கள்.

இன்று சொத்து கேட்பதில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், ஐந்தாண்டு முடிவதற்குள் நகராட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது. ஆனால் மைசூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2023 நவம்பரில் முடிந்தது; புதிய மன்றம் வராமல் நிர்வாகம் அதிகாரி கைக்குப் போனது. கலெக்டர் போர்டு காலத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு, தோழர்களே?

ஆகவே மூன்று வேலைகள். வாடகை வீட்டு முகவரியிலேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்போம். நம் வார்டில் எந்தச் சாலைக்கு எவ்வளவு செலவு என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். மூன்றாவது, அந்த மனுவைக் கன்னடத்தில் எழுதி, அடுத்த வீட்டுக் கன்னடத் தோழரிடமும் கையெழுத்து வாங்குவோம். சாக்கடைக்கு மொழி கிடையாது. அது நிரம்பினால் இருவர் வாசலிலும்தான் நிற்கும்.

சலுகை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம்.