புதிய தளமும் பழைய முகவரியும்

வீடு மாறிச் செல்கிறவர்கள் அஞ்சல் நிலையத்தில் தங்கள் புதிய முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வது வழக்கம். பழைய முகவரிக்கு வரும் கடிதங்கள் அதனால் வழிதவறாமல் வந்து சேர்கின்றன. இணையத்தளத்தைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் இதையொத்த கடமை ஒன்று உண்டு. அதை மறந்தால் பல ஆண்டுகளில் தேடிய மதிப்பு சில நாள்களில் கரைந்துபோகும். அக்கடமை யாது, அதை நிறைவேற்றும் முறை யாது என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

முதலில் தேடுபொறி செயற்படும் விதத்தை அறிந்துகொள்வோம். தளத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி உண்டு. தேடுபொறி ஓயாது ஊர் சுற்றும் கணக்கப்பிள்ளையைப் போன்றது. அது இணைப்புகளின் வழியே பக்கம் பக்கமாகச் சென்று, கண்டவற்றையெல்லாம் முகவரிவாரியாகத் தன் பேரேட்டில் பதிந்துகொள்கிறது. நாம் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடும்போது அது புரட்டிப் பார்ப்பது அப்பேரேட்டைத்தான். எந்தப் பக்கத்தை முன்னே நிறுத்துவது என்பதை முடிவு செய்யப் பல அளவுகோல்கள் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது, அப்பக்கத்தைப் பிறர் எத்துணைப் பேர் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவர்கள் எத்தகையோர் என்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டனர். அறிஞர் பலர் மேற்கோளாக எடுத்தாளும் நூல் மதிப்புப் பெறுவதைப் போன்றது இது.

ஆகவே, தேடுபொறியில் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பிறர் அதன்மீது வைத்த நம்பிக்கையின் அளவே ஆகும். அந்த நம்பிக்கை ஒரு குறிப்பிட்ட முகவரியின் பெயரில் பதிவாகியிருக்கிறது. தளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது, 'சேர்க்கை' என்று முடிந்த முகவரி 'மாணவர் சேர்க்கை' என்று முடிவதாக வைத்துக்கொள்வோம். மனிதர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயந்திரத்துக்கோ முன்னது இறந்துவிட்டது; பின்னது அன்று பிறந்த குழந்தை.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. எனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றின் தளத்தில், அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறையை ஆசிரியர் ஒருவர் எளிய தமிழில் விளக்கி எழுதியிருந்தார். சுற்று வட்டாரப் பள்ளிகள் பலவும் அப்பக்கத்தைச் சுட்டின. தேடுவோர் கண்ணில் அதுவே முதலில் பட்டது. பின்னர் அத்தளம் புதுக்கோலம் பூண்டது. படங்கள் அழகாக இருந்தன. பழைய முகவரிகள் மட்டும் இல்லை. தேடி வந்தோர் '404, பக்கம் காணப்படவில்லை' என்ற அறிவிப்பையே கண்டார்கள். சில வாரங்களில் அவ்விடத்தைத் தரகர்களின் பக்கங்கள் பிடித்துக்கொண்டன. இலவசமாகப் பெறவேண்டிய விண்ணப்பத்துக்குக் கூலி வேலை செய்யும் பெற்றோர் பணம் கொடுக்க நேர்ந்தது. தேடுபொறியில் நமக்குரிய இடத்தைக் காத்துக்கொள்வது வணிகர்களுக்கு மட்டும் உரிய கவலை அன்று என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

இதற்கு மாற்று என்ன? ஒரு மாணவன் வேறு பள்ளிக்குச் செல்லும்போது நாம் மாற்றுச் சான்றிதழ் கொடுத்தனுப்புகிறோம். அது இருந்தால் அவன் படித்த படிப்பு புதிய பள்ளியில் கணக்கில் வருகிறது. இணையத்தில் அச்சான்றிதழுக்கு 301 என்று பெயர். பழைய முகவரியைக் கேட்டு வருபவரிடம், 'இப்பக்கம் நிலையாக இன்ன இடத்துக்கு மாறிவிட்டது' என்று கூறி, அங்கே அழைத்துச் செல்லும் குறியீடு அது. 302 என்ற குறியீடும் உண்டு. அது தற்காலிக மாற்றத்தைக் குறிப்பது. நிலையாக மாறிய பக்கத்துக்கு 302-ஐப் பயன்படுத்துவது, பள்ளியை விட்டே செல்பவனுக்கு விடுப்புச் சீட்டுக் கொடுப்பதை ஒக்கும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு பதிவேடு வேண்டும். இடப்பக்கத்தில் பழைய முகவரிகள் யாவும்; வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் உரிய புதிய முகவரி. பழைய தளத்தின் பட்டியல், வழங்கியில் பதிவாகும் வருகைக் குறிப்புகள், கூகுள் இலவசமாக அளிக்கும் 'சர்ச் கன்சோல்' என்னும் கருவி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் எதுவும் விடுபடாது. இது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் தளத்தின் மதிப்பைக் காப்பது இந்தப் பதிவேடே.

அடுத்து, தவிர்க்கவேண்டியவை சில. பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது முறையன்று. உதவித்தொகையைப் பற்றிக் கேட்டு வந்தவரைப் பள்ளி வாயிலில் நிறுத்திவிட்டுப் போவது போன்றது அது. தேடுபொறியும் அதனை இல்லாத பக்கமாகவே கருதக்கூடும். ஒரு முகவரியிலிருந்து மற்றொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் அலைக்கழிக்கும் சங்கிலியும் ஆகாது. இன்னொரு பிழை மிகச் சிறியது, ஆனால் கொடியது. புதிய தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, தேடுபொறிகள் அதனைப் பதியாதிருக்கத் தடைக்குறிப்பு ஒன்றை இடுவார்கள். திறப்பு விழா நாளில் அதனை நீக்க மறந்தால், தளம் முழுவதும் பேரேட்டிலிருந்து மெல்ல மறைந்துவிடும். கூடுமானவரை முகவரி, தலைப்பு, உள்ளடக்கம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதிருப்பதும் நன்று. இடம் சரிந்தால் காரணம் எது என்று அறியமுடியாமல் போகும்.

இம்முறையைச் செவ்வனே கையாண்டமைக்குப் பிரிட்டன் நாட்டரசின் செயல் சான்றாகும். 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரு பெரிய அரசுத் தளங்களின் இடத்தில் கவ்.யூகே என்னும் ஒரே தளம் வந்தது. பழைய இணைப்பு எதனையும் கைவிடுவதில்லை என்ற உறுதியோடு அப்பணியாளர்கள் முகவரி முகவரியாகப் பட்டியலிட்டனர். மாற்றுப் பக்கம் உள்ளவற்றுக்கு 301 அளித்தனர். மாற்று இல்லாதவற்றுக்கு, நீக்கப்பட்டது என்பதை உணர்த்தும் 410 என்ற குறியீட்டை அளித்து, தேசிய ஆவணக் காப்பகம் பாதுகாத்த பழைய படிக்கும் வழி காட்டினர். இல்லாததை இல்லை என்று நேர்மையாகக் கூறுவதும் வழிகாட்டுதலின் ஒரு பகுதியே அன்றோ?

இவ்வழிகாட்டுதலை எவ்வளவு காலம் வைத்திருப்பது? குறைந்தது ஓராண்டு என்று கூகுள் அறிவுறுத்துகிறது. நானோ, இயன்றவரை என்றென்றும் வைத்திருக்கவேண்டும் என்பேன். இயந்திரத்தின் பேரேடு திருந்திவிடும். அச்சிட்ட நூலிலும் மாணவர் குறிப்பேட்டிலும் எழுதிய முகவரி தானாகத் திருந்தாது. தளத்தின் பெயரையே மாற்றியவர்கள் பழைய பெயருக்குரிய கட்டணத்தையும் ஆண்டுதோறும் செலுத்தி வருதல் வேண்டும். கைவிட்ட பெயரைப் பிறர் விலைக்கு வாங்கி, அதற்கு ஊரார் வைத்த நம்பிக்கையைத் தம் வாணிகத்துக்குப் பயன்படுத்துவது இன்று காணும் காட்சி.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புரைகளில் சுட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, அங்கே முன்பிருந்த செய்தியை இப்போது காட்டுவதில்லை என்று ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்களின் ஆய்வு 2014-இல் தெரிவித்தது. வையக விரிவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற கருத்தை 1998-ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக எழுதினார். அவர் பணியாற்றிய ஜெனீவாவின் செர்ன் ஆராய்ச்சி நிலையம், உலகின் முதல் இணையத்தளத்தை 2013-இல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் நிறுவியது.

தமிழர்க்கும் இதில் தனிப் பங்கு உண்டு. 1990-களில் தோன்றிய தமிழ்த் தளங்கள் பல, வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளில் அமைந்தவை. ஒருங்குறியில் தேடுவோர்க்கு அவை எளிதில் அகப்படுவதில்லை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிப் புதுப்பிப்பது செய்யத்தக்க நற்பணி. அப்பணியில் ஈடுபடும் இளைஞர்கள் வண்ணத்தையும் வடிவத்தையும் தீர்மானிக்குமுன், பழைய முகவரிகளின் பதிவேட்டை எழுதி முடிப்பார்களாக. முன்பு அத்தளங்களைப் படித்துப் பிறர்க்கும் சுட்டிய நல்லோர்க்கு நாம் செய்யும் கைம்மாறு அது.