புகையும் வறுமையும் விரைவாக்கும் முதுமை

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் மாலை அமர்வில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அறவிழா மேடையில் புகைபிடிப்பதைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் இல்லங்களில் புகைப்பவர் சிலரே. ஆயினும் இப்பொருளில் நமக்குப் பங்கே இல்லை என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை. அதற்கான காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

வந்தவாசிக்கு அருகில் எங்களுக்குச் சிறிது கழனி இருந்தது. அதில் உழைத்த குடும்பத்தில் என் வயதுடைய ஒருவர் இருந்தார். இருவரும் 1950ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். நான் பள்ளிக்குப் போனேன். அவர் மாட்டின் பின்னே போனார். நான் அவரை "நீ" என்று அழைப்பேன். அவர் என்னைச் "சின்ன நயினார்" என்பார். பன்னிரண்டு வயதில் அவர் ஏர் பிடிக்கத் தொடங்கினார். மணிலா பிடுங்கும் காலத்தில் ஆட்களுக்குக் கூலியோடு பீடிக்கட்டு ஒன்றும் தருவது அக்கால வழக்கம். கடையில் வாங்கி வந்து களத்தில் பங்கிட்டுக் கொடுப்பது என் வேலை. அவருக்கு முதல் பீடிக்கட்டைக் கொடுத்தது என் கைதான்.

நாற்பத்தைந்து வயதில் அவரைப் பார்த்தவர்கள் என் தந்தையின் வயதினர் என்றே எண்ணினர். கன்னம் ஒட்டி, முதுகு வளைந்து, நாலடி நடந்தால் மூச்சு வாங்கினார். காசநோய் என்று கண்டறிந்து மருந்து தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்ததும் கூலி வேலைக்குத் திரும்பினார், மருந்து நின்றது, பீடி நிற்கவில்லை. 2002இல், ஐம்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். எனக்கு இப்போது எழுபத்தைந்து கடந்துவிட்டது. ஒரே ஆண்டில், ஒரே ஊரில் பிறந்த இருவருள் ஒருவருக்குக் கால் நூற்றாண்டு எங்கே போயிற்று? இக்கேள்வியே இன்றைய என் உரை.

வயது என்பது பிறந்த நாளிலிருந்து எண்ணும் ஆண்டுகள் மட்டும் அன்று. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அவர்கள் முப்பத்தெட்டு வயதை எட்டியபோது இதயம், நுரையீரல், சிறுநீரகம், பல் ஈறு முதலியவற்றின் நிலையை அளந்து உடலின் வயதைக் கணித்தனர். சிலரின் உடல் இருபத்தெட்டு வயதினரின் உடல்போல் இருந்தது. சிலரின் உடல் அறுபதைத் தாண்டியிருந்தது. வறிய இல்லங்களில் வளர்ந்தவர்களின் உடல் சராசரியாக விரைந்து மூப்படைவதையும் பின்னர் கண்டனர்.

வறுமை உடலை எவ்வாறு முதுமையாக்குகிறது? அது தாயின் கருப்பையிலேயே தொடங்குகிறது. சோகை பிடித்த தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கிறது. விறகடுப்பின் புகையில் அதன் நுரையீரல் வளர்கிறது. ஒரே அறையில் அறுவர் உறங்கும் வீட்டில், ஒருவரின் இருமல் அனைவருக்கும் பொதுவாகிறது. நாளைய அரிசிக்கு வழி என்ன என்ற கவலை ஓயாதிருப்பதால், ஆபத்தின்போது மட்டும் சுரக்க வேண்டிய சுரப்புகள் எப்போதும் சுரந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்துகின்றன. நோய் வந்தால் ஒரு நாள் கூலியை இழந்தே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே போவது தள்ளிப்போகிறது.

உணவு ஒன்றே எவ்வளவு செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜார்க்கண்டு மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை காசநோயாளிகளின் வீட்டாரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரின் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தனர். அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடும், நுரையீரல் காசநோய் வருவது 48 விழுக்காடும் குறைந்தன. புதிய மருந்து எதுவும் இதைச் செய்யவில்லை. அரிசியும் பருப்பும் செய்தன.

இனிப் புகைக்கு வருவோம். இங்கிலாந்தில் 1951இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் 34,439 ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்கள் வறியவர் அல்லர், மருத்துவம் கற்றவர்கள். ஆயினும் சிகரெட்டை விடாதவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். நம் நாட்டில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வு, பீடி பிடிக்கும் ஆண்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளையும், புகைக்கும் பெண்கள் எட்டு ஆண்டுகளையும், சிகரெட் பிடிக்கும் ஆண்கள் பத்து ஆண்டுகளையும் இழப்பதாகக் கணித்தது.

பீடி இலையில் சுற்றியது, இயற்கையானது, ஆகவே தீங்கு குறைவு என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் இலை காகிதத்தைப் போல் எளிதில் எரிவதில்லை. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் நிகோடினும் தாரும் கரியமில நச்சும் மிகுதியாகவே உள்ளே போகின்றன. மூச்சுக்குழாயில் தூசையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்களைப் புகை செயலிழக்கச் செய்கிறது. கிருமியை விழுங்கி அழிக்கும் அணுக்களை வலுவிழக்கச் செய்கிறது. பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி அப்போது விழித்துக்கொள்கிறது.

இதை நிறுவிய ஆய்வு நம் ஊர்ப்புறத்திலேயே நடந்தது என்பதை உங்களில் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். மருத்துவர் கஜலட்சுமி அவர்களின் குழு 1990களின் பிற்பகுதியில் சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளைத் தேடிச் சென்று விசாரித்தது. உயிருடனிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டது. முடிவு 2003இல் வெளியாயிற்று. புகைக்காதவரைவிடப் புகைத்தவர் காசநோயால் இறப்பது நகரிலும் சிற்றூரிலும் நான்கு மடங்கிற்கும் மேலாக இருந்தது. காசநோயால் இறக்கும் இந்திய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் சாவுக்குப் புகையே காரணம் என்று அவர்கள் கணித்தனர். என் நண்பர் இறந்த மறு ஆண்டு அதைப் படித்தேன். களத்தில் நான் பங்கிட்ட பீடிக்கட்டுகள் அன்றுதான் எனக்குக் கணக்காகத் தெரிந்தன.

வறுமை, புகை ஆகிய இரண்டில் எது கொடியது? ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி, ரென்ஃப்ரூ என்னும் இரு ஊர்களில், 1970களில் நடுவயதினராயிருந்த ஏறத்தாழ 15,000 ஆண் பெண்களை இருபத்தெட்டு ஆண்டுகள் தொடர்ந்தனர். எதிர்பார்த்தபடியே, வசதியுள்ளோர் வறியோரைவிட நெடுநாள் வாழ்ந்தனர். ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. மேல்தட்டில் வாழ்ந்து புகைத்தவர்களைவிட, அடித்தட்டில் வாழ்ந்தும் புகைக்காதவர்களே மிகுதியாகப் பிழைத்திருந்தனர். செல்வம் தந்த ஆண்டுகளைப் புகை பறித்துக்கொண்டது. வறியவர்க்கோ, புகையாமை செல்வத்தைவிடப் பெரிய காப்பாயிற்று.

இதிலிருந்து இரண்டு தவறான முடிவுகளுக்கு நாம் வந்துவிடக் கூடாது. "அவனே தேடிக்கொண்ட கேடு" என்பது ஒன்று. வெறும் கூழோடு வெயிலில் நிற்பவருக்குப் பீடி பசியை அடக்குகிறது. பீடி பற்ற வைக்கும் அந்த ஐந்து நிமிடமே அவருக்கு உரிமையுள்ள ஓய்வு. நிகோடின் மூளையைப் பிணித்தபின் விடுவது எவருக்கும் கடினம். நாளும் கவலையில் உழல்பவருக்கு மேலும் கடினம். "பாவம், அவருக்கு இருக்கும் ஒரே இன்பம் அதுதான், விட்டுவிடுங்கள்" என்பது மற்றொன்று. இரக்கம்போல் தோன்றும் இச்சொல் அவருடைய ஆயுளில் ஆறு ஆண்டுகளை நம் வாயால் விட்டுக்கொடுப்பது. வறுமையை ஒரு நாளில் நீக்க நம்மால் இயலாது. புகையை ஒருவர் ஒரு நாளில் நிறுத்த முடியும். அதற்கு அவருக்குத் துணை நிற்க நம்மால் இயலும்.

இனி நம் பங்கு. முன்னோர் விலக்கச் சொன்ன ஏழு வியசனங்களில் புகையிலை இல்லை. இருந்திருக்கவும் இயலாது, அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக அது இந்நாட்டில் பரவி ஏறத்தாழ நானூறு ஆண்டுகளே ஆகின்றன. ஆனால் பயனின்றித் தீங்கு விளைக்கும் பொருளைப் பிறர்க்குக் கொடுப்பதை இல்லறத்தாரின் நோன்புகள் தெளிவாக விலக்குகின்றன. தண்ணீரை வடிகட்டிக் குடித்த வீட்டிலிருந்துதான் நான் பீடிக்கட்டை எடுத்துச் சென்றேன். பொழுது சாயுமுன் உண்டு முடித்த என் பெற்றோர் தீயவர் அல்லர். அதில் உயிர்க்கேடு இருப்பதாக ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

பீடியைச் சுற்றும் கைகளையும் நினையுங்கள். குடியாத்தம் முதல் திருநெல்வேலி வரை எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தே முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகின்றனர். புகைக்காமலே புகையிலைத் தூசு அவர்கள் மூச்சில் கலக்கிறது. நிகோடின் விரல் வழியே உடலில் ஏறுகிறது. அவர்களுக்காக 1966இலும் 1976இலும் சட்டங்கள் வந்தன. வேறு வேலை கிடைத்தால்தான் அவர்கள் அதை விட முடியும்.

இளைஞர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். "வேப்" எனப்படும் மின்சிகரெட் நம் பிள்ளைகள் படிக்கும் பெருநகரங்களில் உலவுகிறது. அதில் எதுவும் எரிவதில்லை; மின்கலம் ஒரு நீர்மத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. எரியாததால் தாரும் கரியமில நச்சும் சிகரெட்டில் உள்ள அளவுக்கு இல்லை என்பது உண்மை. அதனால்தான் இங்கிலாந்தில், ஏற்கெனவே புகைக்கும் பெரியவர்கள் சிகரெட்டை விடுவதற்கு அதை ஒரு வழியாகப் பயன்படுத்துகின்றனர். ஆனால் ஒருபோதும் புகைக்காத இளைஞனுக்கு அது நிகோடினின் வாசல். மாம்பழ மணமும் புதினா மணமும் அந்த வாசலில் கட்டிய தோரணங்கள். இருபது வயது கடந்தும் மூளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அப்பருவத்தில் பழகிய நிகோடின் ஆழமாக வேர்விடுகிறது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது. 2019, 2020ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இத்தகைய கருவிகளால் நுரையீரல் கெட்டு 2,800 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சாற்றில் கள்ளத்தனமாகக் கலந்த ஓர் எண்ணெயே முதன்மைக் காரணம் என்று கண்டனர். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்துள்ளது. விற்பவருக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே இங்கு நண்பர் நீட்டும் கருவி கள்ளச் சரக்கே.

நிறைவாக, செய்யத்தக்கன சில கூறுகிறேன்.

புகைப்பவர் எவராயினும், இனி விட்டு என்ன பயன் என்று எண்ண வேண்டாம். அந்த ஆங்கில மருத்துவர்களில் அறுபது வயதில் விட்டவர்கள் மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டனர். முப்பதில் விட்டவர்கள் இழப்பை ஏறக்குறைய முழுதும் தவிர்த்தனர். உதவிக்கு 1800-11-2356 என்னும் கட்டணமில்லா அரசு எண் உண்டு.

கழனியோ கடையோ கட்டடப் பணியோ நடத்துபவர்கள், கூலியோடு பீடி சிகரெட் தருவதையும், அதற்கெனக் காசு தருவதையும் நிறுத்துங்கள். அதற்கு ஈடாகக் கூலியை உயர்த்துங்கள். ஒரு வேளை நல்ல உணவு கொடுங்கள். பீடி இல்லாமலும் உட்காரும் உரிமையுள்ள ஓய்வு நேரம் கொடுங்கள். மளிகைக் கடை வைத்திருப்போர் புகையிலைச் சரக்கை நீக்குங்கள். வருமானம் சிறிது குறையும்; அது எனக்குத் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரைக் கண்டால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்ட உணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கி வந்த அரசு, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியுள்ளது. மருந்து முடியும் வரை நோயாளிகளுக்கு உணவுப் பொருள் வழங்க அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் திட்டமும் உண்டு. நம் அறக்கட்டளை இவ்வாண்டு பத்துக் குடும்பங்களையேனும் ஏற்க வேண்டுமென்று பொறுப்பாளர்களை வேண்டுகிறேன். முதல் குடும்பத்துக்கான செலவை நான் ஏற்கிறேன்.

என் நண்பருக்கு நான் கொடுத்ததைத் திரும்பப் பெற வழியில்லை. அவருடைய மகன் இன்றும் அதே ஊரில் கூலிக்குப் போகிறார். வரும் மணிலா அறுவடையில் அவருடைய கைக்கு நம் கை என்ன கொடுக்கப் போகிறது என்பதை நாம் இன்றே முடிவு செய்யலாம்.