அடைபட்ட பித்தநாளமும் அதைத் திறக்கும் குழாயும்

(திண்டுக்கல்லில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காமாலை என்றவுடன் கீழாநெல்லியை நினைப்பது நம் நாட்டு வழக்கம். அவ்வழக்கத்தை இகழும் பொருட்டு நாம் இங்கு நிற்கவில்லை. கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் ஓய்வினாலேயே தணிந்துவிடுகின்றது. புகழோ பத்தியத்துக்கும் மருந்துக்கும் சேர்கின்றது. ஆனால் எப்பத்தியத்துக்கும் தணியாத காமாலை ஒன்றுண்டு. அதனை இன்னதென்றறியாமல், வேர் கட்டுவதிலும் மந்திரிப்பதிலும் மாதங்களைப் போக்கிப் பின்னர் நஞ்சையை விற்றுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங் குடும்பங்கள் நம்முள் உள. ஆதலின் அதனைக் குறித்தே இன்று சில சொல்லத் துணிந்தோம்.

நமது கல்லீரலில் நாடோறும் அரை லிட்டருக்கு மேற்பட்ட பித்தநீர் ஊறுகின்றது. அது பித்தநாளம் என்னும் சிறு வாய்க்கால் வழியே இறங்கி, கணையத்தின் தலைப்பாகத்தை ஊடுருவிச் சிறுகுடலிற் சேர்கின்றது. அந்நாளத்திலேனும், பித்தப்பையிலேனும், கணையத்தின் தலையிலேனும் புற்றுநோய் தோன்றினால் வாய்க்கால் நெருக்குண்டு அடைபடும். மடை அடைத்த குளத்தில் நீர் கரையை முட்டுவது போலப் பித்தநீர் பின்வாங்கி இரத்தத்திற் கலக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடம்பெங்கும் அரிப்பெடுத்து இரவெல்லாம் உறக்கம் கெடும், உணவில் வெறுப்புண்டாகித் தேகம் இளைக்கும். வலி இல்லாமலே இவ்வளவும் நிகழ்வதுண்டு. வலியில்லாமையே நம்மை ஏமாற்றுவது. காமாலையோடு பருத்த பித்தப்பையும் கைக்குத் தட்டுப்பட்டால் அது கல்லால் வந்த அடைப்பாயிருத்தல் அரிது என்று கூர்வாஸியே என்னும் சுவிட்ஸர்லாந்து ரண வைத்தியர் 1890-ஆம் வருஷத்திலேயே எழுதினார். ஆகவே, வயது சென்றவர்களுக்கு வலியற்ற காமாலை கண்டால் தாமதியாது ஸ்கேன் எடுத்துப் பார்த்தல் வேண்டும். புகையிலைக்கும் சுருட்டுக்கும் பேர்போன சீமையில் வாழும் நாம், புகைப்பழக்கம் கணையப் புற்றுநோய்க்கு ஒரு காரணமென்பதையும் மறத்தலாகாது.

நோய் இளமையிற் கண்டுபிடிக்கப்பட்டால் அறுத்து நீக்கலாம். ஆயினும் கணையப் புற்றுநோயில் 100-க்கு 15 முதல் 20 பேருக்கே அதற்கு இடமிருக்கின்றது. ஏனையோரை, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று வீட்டுக்கு அழைத்து வந்து, அரிப்போடும் சுரத்தோடும் கிடக்கவிடுகின்றோம். இதுவே நாம் திருத்திக்கொள்ள வேண்டிய எண்ணம். நோயை நீக்க முடியாதபோதும் அடைப்பைப் பெரும்பாலும் நீக்க முடியும்.

முற்காலத்தில் இதற்கும் வயிற்றைக் கீறவேண்டியிருந்தது. இந்தோனேஷியாவிற் பிறந்த நிப் சுஹேந்திரா என்னும் வைத்தியர், 1979-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், வாய்வழியே எண்டாஸ்கோப்பைச் செலுத்தி, பித்தநாளம் குடலிற் றிறக்கும் வாயைக் கண்டு, அடைப்பினூடே ஒரு குழாயை வைக்கும் முறையைக் கையாண்டார். இக்குழாய்க்கே 'ஸ்டெண்ட்' என்று பெயர், இம்முறையை இ.ஆர்.சி.பி. என்பர்.

குழாய் இருவகைத்து. பிளாஸ்டிக் குழாயின் விட்டம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்; விலை குறைவு; ஆனால் கசடு படிந்து அடைபடுமாதலால் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றவேண்டும். உலோக வலைக்குழாய் உள்ளே சென்றபின் தானே விரிந்து 10 மில்லிமீட்டராகும், விலை பன்மடங்கு. ஆம்ஸ்டர்டாம் வைத்தியர்கள் 105 நோயாளரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 1992-இல் வெளியிட்டனர். சரிபாதிப் பேருக்கு அடைபடாது நின்ற காலம் பிளாஸ்டிக்குக்கு 126 நாள், உலோகத்துக்கு 273 நாள். ஆயுளில் மட்டும் வித்தியாசமில்லை. மீண்டும் மீண்டும் மாற்றுஞ் செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால், சில மாதமேனும் வாழக்கூடியவருக்கு உலோகமே இலாபம். சில வாரங்களே எதிர்பார்க்கப்படுபவருக்குப் பிளாஸ்டிக் போதும்.

இங்கொரு எச்சரிக்கை. மேலுறையில்லாத உலோகக் குழாயை வைத்தபின் எடுத்தல் அரிது. ஆகையால் சதைப் பரிசோதனை முடிந்து, அறுவைக்கு இடமில்லையென்று உறுதியாகுமுன் அதற்கு அவசரப்படலாகாது. உறையுள்ளதை எடுக்கலாம், ஆனால் இடம்விட்டு நழுவக்கூடும். அடைப்பு மேலே, கல்லீரலின் இரு கிளைநாளங்களும் கூடுமிடத்தில் இருந்தால் வேலை கடினம். ஒன்றுக்கு மேற்பட்ட குழாய் வேண்டியிருக்கும். விலாவின் கீழ்த் தோல்வழியே ஊசி செலுத்திப் பித்தநீரை வடிப்பதும் உண்டு. அப்போது சிலகாலம் வெளியே ஒரு பையைச் சுமக்க நேரிடலாம்.

நிற்க. இதனால் வரும் பயன் யாது? அரிப்பு சில நாட்களிற் குறைகின்றது. உறக்கமும் பசியும் மீளுகின்றன. மஞ்சள் வடிந்தபின் புற்றுநோய்க்குரிய மருந்து கொடுக்கவும் வழியுண்டாகின்றது. அபாயம் அறவே இல்லையென்று சொல்லோம். 100-க்குச் சுமார் 5 பேருக்குக் கணையம் அழலுறும். நோயைத் தீர்ப்பதாகவும் எவரும் எண்ணவேண்டா. மிஞ்சிய நாட்களை மனிதர் மனிதராய்க் கழிக்கச் செய்வதே இதன் பயன். அது சிறிய பயனன்று.

ஆகவே, வைத்தியரிடம் நான்கு கேள்விகளை அஞ்சாது கேளுங்கள். அறுவைக்கு இடமுண்டா? அடைப்பு மேலா, கீழா? வைக்கும் குழாய் எது? மாற்றவேண்டிய நாள் எது? விடைகளை நோட்டுப்புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் குழாயை வைத்து, நாளை மறந்து, நச்சுச் சுரத்தோடு திரும்புவோர் உளர். குழாய் வைத்தவருக்குக் குளிரும் சுரமும் கண்டால் அது குழாய் அடைபட்டதன் அறிகுறியாகலாம். விடியட்டுமென்று காத்திராமல் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருப்பது நற்பேறே. முதலில் அங்கே காட்டி, வேண்டுமாயின் மதுரை அரசு இராஜாஜி ஆஸ்பத்திரியின் குடல்நோய்ப் பிரிவுக்குச் செல்லலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இச்செலவுக்குப் பொருந்துமா என்று நிலத்தை விற்குமுன் விசாரியுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். கல்யாணத்துக்கும் கல்விக்கும் நிதி திரட்டும் நாம், மதுரைக்குச் செல்லும் நோயாளியின் வழிச்செலவுக்கும், உடன் சென்று தங்க ஓர் ஆளுக்கும் சிறு நிதியொன்று ஏற்படுத்துவோமாக. நோயின் உண்மையை நோயாளியிடம் மறைத்து, அவர் சொல்லவேண்டிய சொற்களையும் முடிக்கவேண்டிய காரியங்களையும் தடுத்துவிடாதிருப்போமாக. தீராத நோயிலும் தீர்க்கக்கூடிய துன்பம் உண்டு. அதைத் தீர்ப்பது நம் கடமை.

சுபம்.