செவிலியர் பணியும் ஆராய்ச்சியும்

(நமது ஆலய யூபிலி விழாவையொட்டி, பங்கின் செவிலியரைப் பாராட்ட நடந்த கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



செவிலியர் என்றதும் இரக்கம், பொறுமை, தியாகம் என்று பேசுவது மேடை வழக்கம். அவையெல்லாம் உண்மையே. ஆயினும் அத்தோடு நிறுத்திவிட்டால் அவர்களுடைய அறிவுக்கு நாம் அநீதி செய்தவர்களாவோம். ஆகவே இன்று அவர்களது ஆராய்ச்சியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறோம்.

விளக்கேந்திய மங்கை புளோரன்ஸ் நைட்டிங்கேலை நாம் அறிவோம். கிரிமியப் போரின்போது, 1854-ஆம் ஆண்டு, 38 பெண்களுடன் அவர் துருக்கி நாட்டு ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அவர்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. லண்டன் பெர்மாண்ட்சி மடத்தின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர், சபை வேறாயினும், இறுதிவரை அவருக்கு உற்ற தோழியாக இருந்தார்.

ஆனால் அந்த விளக்கைவிட அவருடைய எழுதுகோலே அதிகம் சாதித்தது என்பது நமது எண்ணம். எந்த மாதத்தில் எத்தனை வீரர், எதனால் இறந்தனர் என்ற கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்தார். காயத்தால் மாண்டவரைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டவரே மிகப் பலர் என்பதை 1858-இல் வட்ட வரைபடங்களாக வரைந்து காட்டினார். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது.

நம் வீடுகளுக்கு இன்னும் நெருங்கிய செய்திக்கு வருவோம். நற்கருணை கொண்டு நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது, மாதக்கணக்கில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கு இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் கண்டிருப்பதைப் பார்க்கிறோம். வீட்டார் பாசத்தோடு பவுடர் போடுகிறார்கள், ஸ்பிரிட் தேய்க்கிறார்கள், எண்ணெய் தடவுகிறார்கள். மருத்துவமனைகளிலும் ஒரு காலத்தில் இதே வழக்கந்தான். இங்கிலாந்தில் டோரின் நார்ட்டன் என்னும் செவிலியர், முதியோர் வார்டுகளில் இதை முறையாக ஆராய்ந்து, தம் தோழர்களோடு 1962-இல் அறிக்கை வெளியிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த நோயாளிக்குப் புண் வரும் அபாயம் உண்டு. எந்தப் பூச்சையும்விட, குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்குவதே பயன் தரும் என்பதும் தெளிவாயிற்று. சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது என்று இன்று கற்பிக்கிறார்கள். விலையுயர்ந்த மருந்து ஏதுமில்லை. ஒரு கடிகாரமும் இரண்டு தலையணையும் போதும். (இரவு இரண்டு மணிக்கு எழுந்திருக்க மனமும் வேண்டும், அது கடையில் கிடைப்பதில்லை.)

இன்னொரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்வது. அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் என்னும் செவிலியப் பேராசிரியை, பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற ஏறக்குறைய 2 லட்சத்து 32 ஆயிரம் பேரின் விவரங்களைக் குழுவினரோடு ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. ஒரு வார்டு முழுவதையும் இரவில் ஒருவரே பார்த்துக்கொள்ளும் நிலையை நம் செவிலியர் நன்கறிவர். அது அவர்களின் களைப்பு மட்டுமன்று, படுத்திருப்பவரின் உயிர். கலிபோர்னியாவில் இதற்கு 1999-இல் சட்டமியற்றி, 2004 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். நம் நாட்டிலும் இதைக் கேட்கும் செவிலியருக்குப் பங்கு மக்கள் துணைநிற்க வேண்டும்.

"பெண்ணை நர்ஸ் வேலைக்கா அனுப்புவது?" என்று தயங்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கேயே பட்டப்படிப்பு வந்தது. இன்று டாக்டர் பட்டம் வரை நம் பிள்ளைகள் படிக்கலாம். மருத்துவமனையில் நாம் "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறோமே, அது கன்னியர் இப்பணியைச் செய்த நாளிலிருந்து வந்த பெயர். கூப்பிட்டு வேலை வாங்குகிறோம். வீடு திரும்பியதும் டாக்டருக்கு மட்டும் மாலை போடுகிறோம்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின், நம் பங்கின் செவிலியர் பள்ளிக்கூடக் கூடத்தில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைச் செய்து காட்ட இசைந்திருக்கிறார்கள். வீட்டில் படுக்கையிலிருப்போர் உள்ள குடும்பத்திலிருந்து ஒருவராவது வர வேண்டுகிறோம். ஆண்களும் வரலாம், புரட்டுவதற்குப் பலம் வேண்டுமல்லவா! ஆளுக்கு இரண்டு தலையணை கொண்டுவாருங்கள்.